அகப்பட்ட பிள்ளையை என்ன செய்வது?

கடையில் சரக்கு காணாமற் போவதைப் பற்றி நாம் கூடிப் பேசாத நாளில்லை. எலி தின்றது, ஈரம் கெடுத்தது, வேலையாள் எடுத்தது, வாடிக்கைக்காரர் எடுத்தது என்று அதற்குப் பல கணக்கு உண்டு. ஆனால் எடுத்தவன் ஒரு சிறுவன், அவன் கையும் களவுமாக அகப்பட்டு நம் முன்னால் நிற்கிறான் என்றால், அதன்பின் என்ன செய்வது முறை என்பதைப் பற்றி நாம் உட்கார்ந்து பேசியதாக எனக்கு நினைவில்லை. அவரவர் மனம் போனபடி, அந்தந்த நேரத்துக் கோபதாபத்துக்குத் தக்கபடி ஏதோ செய்கிறோம். அவ்வாறு நான் செய்த காரியம் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

2003 ஆம் ஆண்டு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரம். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் என் கடை; உள்ளே நிற்க இடமில்லாத நெரிசல். செண்டுப் புட்டி ஒன்றைச் சட்டைக்குள் செருகிய பையனைக் கடைத் தம்பி பிடித்துக்கொண்டு வந்தார். விலை 18 வெள்ளி. பார்த்தால், என் நெடுநாளைய நண்பரின் மகன். என்னை மாமா என்று அழைக்கிற பிள்ளை, வயது பதினான்கு. நண்பருக்குப் போன் செய்தேன். அரை மணி நேரத்தில் ஓடி வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. பணத்தை எடுத்துக் கல்லா மேல் வைத்தார். "அதெல்லாம் வேண்டாம் நானா, சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டான்" என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மகனை முன்னால் விட்டு அவர் பின்னால் நடந்து போனார். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் இன்னொரு பையன் அகப்பட்டான். பள்ளிச் சீருடையோடு வந்தவன். 12 வெள்ளிக் கைக்கடிகாரம். "உன் தகப்பனார் யார்?" என்று கேட்டேன். பதில் இல்லை. "வீடு எங்கே?" பதில் இல்லை. அவன் என்னைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அது திமிர் என்று எனக்குப் பட்டது. போலீசாருக்குத் தகவல் கொடுத்தேன். அவனுக்குத் தகப்பனார் இல்லை, பாட்டியம்மாள்தான் வளர்க்கிறார் என்பதெல்லாம் பிறகுதான் தெரியவந்தது.

ஒரே வாரம், ஒரே கடை, ஒரே குற்றம். பொருளின் விலையைப் பார்த்தால் இரண்டாமவன் எடுத்தது குறைவு. பேரேட்டில் நான் இப்படி ஆளுக்கொரு விலை போட்டு எழுதியிருந்தால் எந்த வாடிக்கைக்காரர் என்னைச் சும்மா விடுவார்? ஆனால் இந்தக் கணக்கை யாரும் கேட்கவில்லை. பல வருஷங்கள் நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இது நிற்க. சிறுவர்கள் செய்யும் குற்றத்தை நீதிமன்றம் வரை கொண்டுபோகாமல் வேறு வழியில் தீர்க்கும் ஏற்பாட்டை ஆங்கிலத்தில் டைவர்ஷன் என்கிறார்கள். நம் ஊர்ப்புறத்தில் வாய்க்கால் தண்ணீரை ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குத் திருப்புவதை மடை மாற்றுதல் என்போம். அந்தச் சொல்லே இதற்குப் போதும். தண்ணீரை நிறுத்துவதில்லை; போகிற போக்கைத் திருப்புவதுதான். 1989 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சபைக் குழந்தை உரிமைச் சாசனம், இயன்ற இடங்களில் வழக்கு மன்றத்துக்குப் போகாமலே சிறுவர் குற்றத்தைத் தீர்க்கும் முறைகளை நாடுகள் வகுக்க வேண்டும் என்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995 இல் அச்சாசனத்தில் சேர்ந்தன. சிங்கப்பூரில் 1997 இல் வழிகாட்டுத் திட்டம் என்று ஒன்று தொடங்கப்பட்டது. கடைத்திருட்டு போன்ற சிறு குற்றத்தில் சிக்கிய பிள்ளை ஆறு மாத காலம் சமூகநல ஊழியர் ஒருவரின் கவனிப்பில் இருக்க வேண்டும். பெற்றோரையும் அழைத்துப் பேசுவார்கள். ஒழுங்காக முடித்தால் வழக்குக்குப் பதிலாகக் கடும் எச்சரிக்கையோடு விடுவார்கள். முடிக்காமல் ஓடினால் வழக்கு காத்திருக்கும். கும்பல்களின் ஓரத்தில் சுற்றித் திரியும் பிள்ளைகளுக்கென்று அதே வருஷத்தில் இன்னொரு திட்டமும் வந்தது.

நான் போலீசாரிடம் ஒப்படைத்த பையன் அந்த ஆறு மாத வழியில்தான் அனுப்பப்பட்டான். நீதிமன்றப் படி ஏறவில்லை. இந்தச் செய்தி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவனே வந்து சொன்னான். ஒரு சனிக்கிழமை மாலை, கடையில் கூட்டமான நேரம், கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றான். யார் சொல்லி வந்தானோ, தானாக வந்தானோ அறியேன். "அங்கிள், அன்றைக்கு நான் செய்தது தப்பு" என்றான். நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். "சரி, சரி, போ" என்றேன். அவன் சற்று நேரம் நின்றான். பிறகு போய்விட்டான்.

நண்பரின் மகன் கதையையும் சொல்லிவிட வேண்டும். அவன் எனக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்லும்படி நானும் கேட்கவில்லை. ஆனால் அவன் தகப்பனார் அன்று முதல் என் கடைப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். பள்ளிவாசலில் கண்டால் சலாம் சொல்வார், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். இருபது வருஷச் சினேகம் அப்படியே மெலிந்து போயிற்று. பணம் வேண்டாம் என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னதே அவரைக் கடன்காரராக்கிவிட்டது என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. 18 வெள்ளியை நான் வாங்கியிருந்தால் அவர் தலை நிமிர்ந்து வந்திருப்பார்.

ஆகவே ஒரு பையனை மன்னித்து ஓர் உறவை இழந்தேன். இன்னொரு பையனை ஒப்படைத்து, அவன் கொண்டுவந்த மன்னிப்புக் கோரிக்கையை வாங்கத் தெரியாமல் திருப்பி அனுப்பினேன். இரண்டு கணக்கும் பைசல் ஆகவில்லை.

மடை மாற்றும் திட்டங்களை வகுப்பவர்கள் போலீசாரையும் வழக்கறிஞர்களையும் சமூகநல ஊழியர்களையும் வைத்தே பெரும்பாலும் பேசுகிறார்கள். ஆனால் கடைத்திருட்டைப் பொறுத்தவரை முதல் மடை போலீஸ் நிலையத்தில் இல்லை. அது நம் கல்லாவில் இருக்கிறது. தகவல் கொடுப்பதா, தகப்பனாரை அழைப்பதா, இரண்டு அறை கொடுத்துத் துரத்துவதா என்று முதலில் தீர்மானிக்கிறவர் கடைக்காரர். (அந்த மூன்றாவது வழியை நம்மில் சிலர் இன்றும் மெச்சிக்கொள்கிறார்கள். பிறர் பிள்ளையை அடிக்க நமக்கு எந்தச் சட்டமும் உரிமை கொடுக்கவில்லை. அடி வாங்கியவன் திருட்டை மறந்து அடியை மட்டும் நினைவில் வைத்திருப்பான்.) அந்தத் தீர்மானத்துக்கு நம்மிடம் ஒரு முறை உண்டா என்பதுதான் கேள்வி.

ஓர் அன்பர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பொருளுக்கு உரியவன் நான். மன்னிப்பதும் மன்னிக்காததும் என் இஷ்டம். ஒருவனை மன்னித்தேன் என்பதற்காக எல்லாரையும் மன்னிக்க வேண்டுமா?" பேச்சு நியாயம்போல் இருக்கிறது. மன்னிப்பது உரியவரின் ஹக்கு என்பது நாம் அறியாததல்ல. சஃப்வான் இப்னு உமைய்யா அவர்களின் செய்தி ஆலிம்கள் வாயிலாக நம்மில் பலருக்குத் தெரியும். பள்ளிவாசலில் தலைக்கு வைத்துப் படுத்திருந்த போர்வையைத் திருடியவனைப் பிடித்து அவர் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுபோனார். தண்டனை விதிக்கப்பட்டதும் மனம் இளகி, போர்வையை அவனுக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். என்னிடம் கொண்டுவருமுன் அதைச் செய்திருக்கலாகாதா என்ற கருத்தில் அவருக்குப் பதில் கிடைத்தது. மன்னிப்புக்கு ஒரு காலம் உண்டு, அது வழக்கு மேலே ஏறுவதற்கு முந்திய காலம் என்ற பொருள் அதில் எனக்குத் தெரிகிறது. இன்னொன்றும் பாருங்கள். அவர் இளகியது முன்பின் அறிந்த ஒருவனுக்காக என்று அச்செய்தியில் எங்கும் இல்லை.

அன்பரின் பேச்சில் உள்ள ஓட்டை அங்கேதான் இருக்கிறது. மன்னிப்பு என் இஷ்டமாக இருக்கலாம். ஆனால் என் இஷ்டம் யார் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால், தெரிந்த முகம், தெரிந்த குடும்பம், போன் செய்தால் ஓடி வருகிற தகப்பனார், தலை குனிந்து பேசத் தெரிந்த பிள்ளை, இவர்கள் பக்கமே சாய்கிறது. யாருமில்லாத பிள்ளைக்கு அழைக்க ஓர் எண் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவும் அவனுக்குப் பயம். அந்த மௌனத்தைத் திமிர் என்று நாம் எழுதிக்கொள்கிறோம். வக்கீல் வைக்க முடிந்தவனுக்கு ஒரு சட்டம், முடியாதவனுக்கு ஒரு சட்டம் என்று நாம் நீதிமன்றங்களைக் குறை சொல்கிறோமே, அதே காரியம் நம் கடையில் வக்கீல் இல்லாமலே நடக்கிறது.

அப்படியானால் இரண்டு பேரையும் போலீசாரிடம் கொடுத்திருந்தால் சமநீதியாகியிருக்குமே என்று சிலர் சொல்லக்கூடும். சமமாக இருந்திருக்கும், நல்லதாக இருந்திருக்குமா என்பது வேறு. அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் 35 வருஷ காலத்தில் நடந்த 29 பரிசோதனைகளை ஆராய்ச்சியாளர் சிலர் ஒன்று திரட்டி 2010 இல் வெளியிட்டனர். 7,300க்கும் மேற்பட்ட சிறுவர்கள் அதில் அடக்கம். முறைப்படி வழக்கு நடத்தப்பட்ட பிள்ளைகளும், வழக்கில்லாமல் வேறு வழியில் திருப்பப்பட்ட பிள்ளைகளும் பிற்காலத்தில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று ஒப்பிட்டார்கள். வழக்கு நடத்தியதால் குற்றம் குறையவில்லை. கூடியதாகவே பெரும்பாலான கணக்குகள் காட்டின. இது சிங்கப்பூர்க் கடைத்தெருவில் எடுத்த கணக்கல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், விட்டுக்கொடுத்தால் நாளைக்குப் பத்துப் பேர் வரிசையில் வந்து நிற்பான் என்ற நம் பயத்தை, அந்தக் கணக்கைப் பார்த்தபின் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

பயமுறுத்தினால் திருந்துவான் என்பது நம்மவரின் இன்னொரு நம்பிக்கை. "ஒரு நாள் லாக்கப்பில் வைத்துக் காட்டினால் போதும்" என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம்! அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ராவே சிறைச்சாலையில் அதையே செய்து பார்த்தார்கள். ஆயுள் கைதிகளை விட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தச் சொல்லி, சிறைவாழ்வு எப்படியிருக்கும் என்று நடுங்க வைத்தார்கள். 1978 இல் அதைப் படமாகவும் எடுத்தார்கள். பெரும் பரிசும் கிடைத்தது. ஊர் ஊராக அதைப் பின்பற்றினார்கள். பிறகு நிதானமாகக் கணக்கெடுத்தபோது, சிறைக்கு அழைத்துப் போகப்பட்ட பிள்ளைகள், போகாத பிள்ளைகளைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். நல்ல எண்ணத்தோடு செய்தது கெடுதலாக முடிந்தது.

நல்ல எண்ணம் என்றேன். சிறுவர் விஷயத்தில் அதுதான் மிகவும் எச்சரிக்கையாகக் கவனிக்க வேண்டிய சரக்கு. சிறுவர்களுக்கென்று தனி நீதிமன்றம் முதன் முதல் 1899 இல் சிக்காகோ நகரில் ஏற்பட்டது. தண்டிக்க அல்ல, தகப்பன் போல் திருத்தவே இந்த மன்றம், ஆகையால் வக்கீல் எதற்கு, சாட்சி விசாரணை எதற்கு என்று நெடுநாள் நினைத்தார்கள். 1964 இல் அரிஸோனா மாநிலத்தில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன், பக்கத்து வீட்டு அம்மாளுக்கு டெலிபோனில் ஆபாசமாகப் பேசினான் என்று பிடிக்கப்பட்டான். குற்றம் சாட்டிய அம்மாள் மன்றத்துக்கு வரவேயில்லை. பையனை 21 வயது வரையில் சீர்திருத்தப் பள்ளியில் வைக்கலாம் என்று உத்தரவாயிற்று. அதே பேச்சைப் பெரியவர் ஒருவர் பேசியிருந்தால் அதிகபட்சம் 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை! 1967 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. பிள்ளையை நேசிக்கிறோம் என்பதற்காக அவன் தரப்பைக் கேட்காமல் இருக்க முடியாது என்பது அப்போதுதான் அங்கே நிலைநாட்டப்பட்டது.

மடை மாற்றும் திட்டத்திலும் இந்த ஆபத்து ஒளிந்திருக்கிறது. திட்டத்துக்குள் வருவதற்கு நுழைவுச் சீட்டு, "நான் செய்தேன்" என்ற ஒப்புதல். செய்யாத பிள்ளை என்ன சொல்லும்? மறுத்தால் வழக்கு, ஒப்புக்கொண்டால் ஆறு மாதப் பேச்சுவார்த்தை. பாட்டியம்மாள் அழுகிறார். பள்ளிக்கூடம் கவலைப்படுகிறது. "செய்தேன் என்று சொல்லித் தொலை" என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். எந்த நீதிபதியும் சாட்சியை நிறுத்துப் பார்க்காத இடத்தில் அந்தப் பொய் ஒப்புதல் அப்படியே நின்றுவிடும். சிங்கப்பூரில் 2017 முதல், விசாரிக்கப்படும் சிறுவர்களுக்குப் பக்கத்தில், வழக்குக்குச் சம்பந்தமில்லாத பெரியவர் ஒருவர் உடன் அமரும் ஏற்பாடு வந்திருக்கிறது. பதினாறு வயதுக்குட்பட்டவர்களை வைத்துத் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அதற்கு முன்னாலேயே, கடையின் பின்கட்டில் சரக்கு மூட்டைகளுக்கு நடுவே, நாமும் கடைத் தம்பிகளும் சூழ்ந்து நின்று கேட்கிறோமே, அங்கே அவன் பக்கத்தில் யார் அமர்கிறார்கள்? என் கடையில் அன்று அந்தப் பையன் உட்கார நாற்காலிகூடப் போடவில்லை.

ஆகையால், பையன் மறுத்தால் அவனை மிரட்டி ஒப்புக்கொள்ள வைப்பதைவிட, உரிய இடத்தில் முறையான விசாரணை நடப்பதே நியாயம். வேறு வழியில் தீர்ப்பது ஒப்புக்கொண்ட பிள்ளைக்கு மட்டுமே. கத்தி காட்டியவன், கும்பலோடு வந்தவன், பின்னால் ஒரு பெரியவன் இருந்து ஏவி அனுப்பியவன் விஷயங்களும் நம் கல்லாவில் தீர்க்கக்கூடியவை அல்ல. பத்து வயதுகூட நிரம்பாத குழந்தை எடுத்தால் அது குற்றமே ஆகாது. மலேசியச் சட்டத்தில் அந்த வரம்பு பத்து வயது. சிங்கப்பூரில் வெகுகாலம் ஏழு வயதாக இருந்தது; 2019 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதைப் பத்தாக உயர்த்தியது. ஏழு என்பது 1860 ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் எழுதப்பட்ட எண். இந்தியாவில் புதிதாக எழுதிய 2023 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது.

இனி அளவைப் பற்றி. 12 வெள்ளிக் கடிகாரத்துக்கு ஆறு மாதமா என்று அந்தப் பையனின் பாட்டியம்மாள் கேட்டிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? சமூகநல ஊழியர் அவனுக்கு உதவிதான் செய்தார், தண்டனை தரவில்லை என்பேன். ஆனால் உதவி செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு கையைப் பிடித்துக்கொண்டால், பிடிபட்டவனுக்கு அது பிடிதானே? அமெரிக்காவில் 1967 இல் ஜனாதிபதி அமைத்த குழுவொன்று, பிள்ளைகளை நீதிமன்றத்திலிருந்து திருப்பி ஊர்தோறும் இளைஞர் சேவை நிலையங்களுக்கு அனுப்பலாம் என்று யோசனை சொன்னது. நிலையங்கள் வந்தன. நீதிமன்றத்துக்குப் போகிற பிள்ளைகள் குறைவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது என்னவென்றால், முன்பெல்லாம் ஒரு சொல் கண்டித்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளையும் நிலையத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். வலை அகலமாகிவிட்டது. நியூசிலாந்துக்காரர்கள் 1989 இல் சட்டம் செய்தபோது இதை நினைவில் வைத்திருந்தார்கள் போலும். ஒரு பிள்ளைக்கு உதவி தேவைப்படுகிறது என்ற ஒரே காரணத்துக்காக அவன்மேல் குற்ற நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். ஏழ்மைக்கு உதவி தனி, திருட்டுக்கு ஈடு தனி. இரண்டையும் ஒரே சீட்டில் எழுதினால் ஏழைப் பிள்ளையின் கணக்குத்தான் நீளும்.

அந்த நியூசிலாந்துச் சட்டத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. மாவோரி மக்களின் பிள்ளைகள் அளவுக்கு மீறிய எண்ணிக்கையில் குடும்பத்தைவிட்டுப் பிரிக்கப்பட்டு அரசாங்க விடுதிகளில் அடைக்கப்படுவதை 1986 ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று சுட்டிக் காட்டியது. ஜான் ராங்கிஹாவு என்ற மாவோரிப் பெரியவர் தலைமையில் எழுதப்பட்டது அது. 1989 ஆம் ஆண்டுச் சட்டத்தில் குடும்பக் கூட்டம் என்ற முறை வந்தது. பையன், பெற்றோர், பெரியம்மா, மாமன், இளைஞர் பிரிவுப் போலீஸ்காரர், இவர்களோடு பொருளை இழந்தவரும் வந்து அமரலாம். என்ன நடந்தது, யாருக்கு என்ன நஷ்டம், எப்படி ஈடுசெய்வது என்று பேசி முடிப்பார்கள். ஊர்ப் பஞ்சாயத்து அறிந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆனால் நம் பஞ்சாயத்தில் பிள்ளைகளைப் பேசவிட்ட வழக்கம் இல்லை. அங்கே பையனும் பேச வேண்டும்.

கனடாவில் எல்மைரா என்ற சிற்றூரில் 1974 இல் நடந்ததை நான் படித்தபோது என் கடையில் நடந்த அந்தச் சனிக்கிழமைதான் நினைவுக்கு வந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயது வாலிபர் இருவர் குடிவெறியில் ஒரே இரவில் 22 இடங்களில் நாசம் செய்தார்கள். ஜன்னல்களை உடைத்தார்கள், கார் டயர்களைக் கிழித்தார்கள். மன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்களைக் கண்காணிக்கும் அதிகாரியாயிருந்த மார்க் யான்ட்ஸி என்பவர், இவர்களை நஷ்டப்பட்டவர்கள் வீட்டு வாசலுக்கே அனுப்பினால் என்ன என்று நீதிபதியிடம் யோசனை சொன்னார். சட்டத்தில் இடமில்லை என்று முதலில் தயங்கிய நீதிபதி பிறகு இணங்கினார். கையில் குறிப்புப் புத்தகத்தோடு இருவரும் வீடு வீடாகப் போனார்கள். "நான்தான் செய்தேன். உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். சில மாதங்களுக்குள் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மன்றத்தில் வழக்கு முடிந்தபின் நடந்ததாகையால் இதை மடை மாற்றம் என்று கண்டிப்பாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் பின்னாளில் பல நாடுகளில் வந்த திட்டங்களுக்கு அந்த நடை முன்மாதிரியாயிற்று.

அந்த வாசல்களில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். கதவைத் திறந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்? சிலர் திட்டியிருக்கலாம். சிலர் உள்ளே அழைத்திருக்கலாம். எப்படியானாலும், வாசலில் வந்து நிற்கிறவனுக்குக் கதவைத் திறந்து அவன் சொல்வதைக் கேட்க வேண்டிய வேலை அவர்களுடையதாகிவிட்டது. திட்டம் வகுக்கிறவர்கள் பையன் என்ன செய்ய வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பொருளை இழந்தவருக்கும் ஒரு வேலை இருக்கிறது என்பதை எழுத மறந்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் பிரெய்த்வெய்ட் 1989 இல் எழுதிய நூலில், வெட்கம் இருவகைப்படும் என்று விளக்குகிறார். செய்த காரியத்துக்கு வெட்கப்பட வைத்து மனிதனைத் திரும்பச் சேர்த்துக்கொள்வது ஒன்று. மனிதனையே கள்ளன் என்று முத்திரை குத்தித் தள்ளுவது மற்றொன்று. பையன் தானாக வெட்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கல்லாவில் வைத்தான். திரும்பச் சேர்த்துக்கொள்ளும் பாதி என்னுடையது. நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

முத்திரை என்றதும் கண்காணிப்புக் கேமராப் படத்தைக் கடைவாசலில் ஒட்டுகிற வழக்கத்தையும், அதைவிட வேகமாகக் கைப்பேசியில் ஊர் முழுவதும் அனுப்புகிற வழக்கத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும் சிறுவனின் பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது என்று இரு நாட்டுச் சட்டங்களும் காப்புக் கொடுக்கின்றன. மன்றம் மறைத்து வைக்கிற முகத்தை நாம் கடைவாசலில் ஒட்டிவைக்கிறோம். ஆறு மாதத்தில் திட்டம் முடிந்துவிடும். அந்தப் படம் எப்போது முடியும்?

நான் ஒரு சிறு வியாபாரி. புளோக்கின் கீழே மாமாக் கடை வைத்திருப்பவருக்குக் கல்லாவைவிட்டு எழுந்து கூட்டத்துக்குப் போக நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் போய்ச் சீர்திருத்தம் செய்துவிடவில்லை. செய்தது ஒன்றுதான். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கல்லா இழுப்பறையில் போட்டேன். பையன் அகப்பட்டால் தேதி, பொருள், விலை, ஒப்புக்கொண்டானா மறுத்தானா, அவன் பக்கத்தில் உட்கார யாரை அழைத்தேன், என்ன முடிவு செய்தேன் என்று எழுதுகிறேன். பையனின் பெயரை எழுதுவதில்லை. ஆனால் ஒரு பத்தி வைத்திருக்கிறேன்: எனக்கு முன்பே தெரிந்த பிள்ளையா, தெரியாத பிள்ளையா? அந்தப் பத்தியையும் கடைசிப் பத்தியையும் சேர்த்து வாசித்தால் என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது எனக்கே தெரிந்துவிடுகிறது. எல்லாருக்கும் இப்போது ஒரே முறைதான். ஒப்புக்கொண்டால் வீட்டுப் பெரியவர் ஒருவர் வர வேண்டும். வீட்டில் யாருமில்லையென்றால் பள்ளி ஆசிரியரோ, குடும்பச் சேவை நிலையத்து ஊழியரோ வரட்டும். பொருளைத் திருப்பித் தர வேண்டும். கெட்டுப் போயிருந்தால் விலையை, தவணையாகவேனும், பையனே தர வேண்டும். நானும் வாங்கிக்கொள்வேன். வேண்டாம் என்று சொல்வதில்லை.

சென்ற மாதம் அந்த நோட்டைப் புரட்டினேன். ஏழு பதிவுகள். இரண்டு பேரைப் போலீசாரிடம் விட நேர்ந்தது. அந்த இரண்டு பேருமே நான் அறியாத பிள்ளைகள். ஒருவன் செய்யவில்லை என்று மறுத்தான், இன்னொருவன் மூன்றாம் முறை வந்தவன். காரணம் சரியாகத்தான் தெரிகிறது. ஆனாலும் அந்தப் பக்கத்தை நான் இன்னும் இரண்டு முறை வாசித்தேன். ஏழாவது பதிவில் கடைசிப் பத்தி காலியாக இருக்கிறது. பையன் அவன் தாயாரோடு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அந்நேரத்துக்குக் கல்லாவில் உட்காரக் கடைத் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பின்கட்டில் நாலு நாற்காலி போட இடம் ஒழிக்க வேண்டும்.